‘எனக்குக் கை வராது’ என்கிறீர்கள். கோலம் போடுவது எந்தக் கை?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

திருச்சியிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு வயது 61. அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றிச் சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவர். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகன், மருமகள், நான்கு வயதுப் பேரனுடன் வசிக்கிறார். எட்டாம் வகுப்பில் இவர் வரைந்த மயிலை ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்ட, எல்லோரும் சிரித்தார்களாம். அதன்பின் படம் வரைவதற்கென்று பென்சிலைத் தொட்டதில்லை. ஓய்வுபெற்றபின் அந்த ஆசை மீண்டும் தலைதூக்கவே, ‘பெரியவர்களுக்குத் தனி பேட்ச் உண்டு’ என்று சொன்ன ஒரு தனியார் ஓவியப் பயிற்சி மையத்தில் நான்கு மாதங்களுக்கு முன் ஆறு மாதக் கட்டணமாக 6,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டிச் சேர்ந்தார். போய்ப் பார்த்தால் சுற்றிலும் ஏழெட்டு வயதுக் குழந்தைகள், முழங்கால் இடிக்கும் குட்டி நாற்காலி. இவர் வரைந்த கிளியை ஆசிரியர் ரப்பரால் அழித்துவிட்டுத் தாமே ஒரு கிளியை வரைந்து, “இதுக்குக் கலர் மட்டும் அடிங்கம்மா” என்றாராம். மூன்று வாரத்தில் நின்றுவிட்டார். ரசீதில் ‘கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று அச்சிட்டிருக்கிறது.

இப்போது இரண்டு வகுப்புகள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, குடியிருப்போர் நலச் சங்கமும் கிளை நூலகத்தின் வாசகர் வட்டமும் சேர்ந்து சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு மணிவரை நடத்தும் வகுப்பு. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். மாதம் 500 ரூபாய். கற்றுத்தருபவர் ஓய்வுபெற்ற பள்ளி ஓவிய ஆசிரியர். மற்றொன்று, பொருள்கள் உட்பட 15,000 ரூபாய்க்கு மூன்று மாதத் தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி. முதல் மாதத்திலேயே ஒரு கிருஷ்ணர் படத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்கிறார்கள். “யூடியூப்லயே எல்லாம் இருக்கே அத்தை” என்கிறார் மருமகள். “இந்த வயசுல எதுக்கும்மா அலைச்சல்?” என்கிறார் மகன். கையெழுத்துப் போடும்போது கை சற்று நடுங்குகிறது என்பது இவருக்கு ஒரு கவலை. தம் தாயார் கடைசி ஐந்து ஆண்டுகள் மறதி நோயில் கிடந்ததால், ஓவியம் கற்றால் அந்நோய் வராது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி உண்மையா என்றும் கேட்கிறார். திறமை இல்லாத நான் சேரலாமா, சேர்ந்தால் எதில் சேர்வது, கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா, வீட்டில் எப்படிச் சொல்வது என்பவை மற்றக் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மார்கழியில் வாசலில் 21 புள்ளி, ஊடுபுள்ளி 11 வரை வைத்துச் சிக்குக் கோலம் போடுவதாகவும், தெருவில் உள்ளவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போவதாகவும். அதே பக்கத்தின் அடியில், ‘எனக்கு ஒரு கோடுகூட நேராகப் போட வராது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதியவர் ஒருவரே என்பதை நம்புவதற்கு நான் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படிக்க வேண்டியிருந்தது.

கோலமும் ஓவியமும் ஒன்று என்று சொல்லி உங்களைத் தட்டிக்கொடுக்க நான் விரும்பவில்லை, அவை ஒன்றல்ல. கோலத்தில் புள்ளி உங்களுக்கு வழி காட்டுகிறது, வடிவம் முன்பே மனத்தில் இருக்கிறது. ஒரு பொருளைப் பார்த்து வரைவதற்கோ கண் வேறொரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் இழையை அறுக்காமல் ஒரே வீச்சில் சுழித்துக்கொண்டு வருகிற கையை நீங்கள் பல ஆண்டுகளாகப் பழக்கி வைத்திருக்கிறீர்கள். குனிந்து கோலம் போடுகிறவர் விரல் நுனியால் மட்டும் இழுப்பதில்லை, தோளிலிருந்து கை முழுவதும் அசைகிறது. பென்சிலை எழுதுவதற்குப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிக்கும் புதியவர்களுக்கு ஓவிய ஆசிரியர்கள் முதலில் கற்றுத்தரப் பாடுபடுவது இந்தத் தோள் அசைவைத்தான்.

கை நடுக்கத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. கையெழுத்தில் நடுங்கும் கை கோலத்தில் நடுங்குவதில்லை என்று நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள். சிறிய, நுணுக்கமான அசைவில் தெரிகிற நடுக்கம் பெரிய அசைவில் அவ்வளவாகத் தெரியாமல் போவதுண்டு. எனவே ஓவியத்துக்கு இது தடை இல்லை. பெரிய தாளில் கரித்துண்டாலோ தடித்த பென்சிலாலோ தொடங்கினால் போதும். ஆனால் நடுக்கத்துக்குக் காரணம் என்ன என்பதைச் சொல்ல வேண்டியவர் மனநல ஆலோசகராகிய நான் அல்லேன். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகள், அளவு மீறிய காபி என்று எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். சிகிச்சை தேவைப்படும் நரம்புக் காரணங்களும் இருக்கலாம். சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்குகிறதா, ஏதாவது செய்யும்போது நடுங்குகிறதா என்பதைக் கவனித்துக்கொண்டு ஒரு பொதுநல மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதை வகுப்பில் சேர்வதற்கான நிபந்தனையாக வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் தனித்தனியே நடக்கட்டும்.

திறமையும் டம்ளரும்

‘திறமை இல்லாத நான்’ என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். திறமை என்று நீங்கள் சொல்வது எட்டாம் வகுப்பில் உங்களுக்குக் கிடைத்த ஒரு மதிப்பெண்ணை. பள்ளிப் பருவத்தோடு வரைவதை நிறுத்திவிட்டவர் அறுபது வயதில் மறுபடியும் பென்சிலை எடுத்தால் பதின்மூன்று வயதுப் பிள்ளை வரைவது போலத்தான் வரைவார்; விட்ட இடத்திலிருந்துதானே தொடங்க முடியும்?

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால் அதன் வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்க இறக்க அந்தக் கோடு திறந்து நீள்வட்டமாகும். மேசைமீது வைத்துவிட்டு இப்போது அடி விளிம்பைப் பாருங்கள். வாயின் வளைவைவிட அடியின் வளைவு சற்று அதிகமாக இருக்கும். ஆனால் புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு அடியை நேர்க்கோடாக இழுத்துவிடுவார்கள், ஏனெனில் டம்ளர் மேசையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கண் காண்பதை விட்டுவிட்டு மனம் அறிந்ததைக் கை வரைந்துவிடுகிறது. நல்ல தொடக்க வகுப்பு ஒன்று முதல் சில வாரங்களில் செய்கிற வேலை இந்தப் பழக்கத்தைக் கழற்றுவதுதான். இது பிறவியில் வருவதில்லை, டைப்ரைட்டிங் போலப் பழகி வருவது. நானும் நாற்பதைக் கடந்தபின் இப்படியொரு வகுப்பில் சேர்ந்தவன். இரண்டாவது வாரம் என் டம்ளர் சரிந்து விழுந்துவிடும் போலிருந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டிப் பிடிப்பதுபோல் பாவனை செய்தார். சிரித்தோம், அவ்வளவுதான், எட்டாம் வகுப்பில் உங்களைச் சுற்றி எழுந்த சிரிப்பு அல்ல அது.

ரவீந்திரநாத் தாகூர் முறையாக ஓவியம் பயின்றவர் அல்லர். கையெழுத்துப் பிரதிகளில் அடித்துத் திருத்திய இடங்களைக் கோடுகளால் இணைத்து உருவங்களாக்கிக்கொண்டிருந்தவர், அறுபதுகளின் வயதில்தான் தீவிரமாக வரையத் தொடங்கினார். 1930-ல் பாரிஸில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தபோது அவருக்கு ஏறக்குறைய 69 வயது. நீங்களும் பாரிஸுக்குப் போவீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடித்தல் திருத்தல்களை அவர் அழிக்காமல் வைத்துக்கொண்டார், உங்கள் கிளியையோ ஆசிரியர் ரப்பர் போட்டு அழித்துவிட்டார் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கோடு தாளில் இருந்தால்தான் அடுத்த கோட்டை எங்கே போடுவது என்பது உங்களுக்குத் தெரியும்.

எந்த வகுப்பில் சேரலாம்?

தஞ்சாவூர் ஓவியத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த பூச்சு கொடுத்து, தேய்த்து, நகைகளுக்கும் மண்டபத்துக்கும் மேடு எழுப்பி, கல் பதித்து, 22 காரட் தங்கத் தாளை ஒட்டி முடிப்பது பொறுமையும் கைத்திறனும் வேண்டும் வேலை. தஞ்சாவூரிலும் உங்கள் திருச்சியிலும் ராஜு குடும்பங்களும், மதுரையில் நாயுடு குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கலை அது. ஆனால் மூன்று மாதப் பயிற்சிகளில் பெரும்பாலும் கிருஷ்ணரின் கோட்டுருவத்தை அவர்களே பிரதியெடுத்துத் தந்துவிடுவார்கள். கல்லும் தாளும் ஒட்டி வண்ணம் தீட்டுவதே உங்கள் பங்கு. ‘முதல் மாதமே படம்’ என்ற வாக்குறுதி அதனால்தான் சாத்தியமாகிறது. ‘இதுக்குக் கலர் மட்டும் அடிங்கம்மா’ என்ற வாக்கியம் உங்களை எவ்வளவு புண்படுத்தியது என்பதை எண்ணிப் பாருங்கள். அதே வாக்கியத்தை இன்னும் மரியாதையாக, 15,000 ரூபாய்க்குச் சொல்லும் இடம் இதுவாக இருந்துவிடக் கூடாது. வீட்டுப் பூஜையறைக்கு உங்கள் கையால் ஒரு படம் வேண்டும் என்பதே ஆசையாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள், தரப்படுவது அசல் தங்கத் தாளா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், போலித் தாள் நாளாக ஆகக் கறுத்துவிடும். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டது ‘வரையக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பது. அதற்கு இது முதல் படி அன்று, இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம்.

யூடியூபைப் பற்றி மருமகள் சொல்வதில் பாதி உண்மை. நிழல் போடுவது எப்படி, வண்ணம் கலப்பது எப்படி என்பதையெல்லாம் அதில் நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எந்த ஆசிரியரும் அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தர மாட்டார். ஆனால் உங்கள் டம்ளரின் அடி ஏன் தட்டையாக இருக்கிறது என்று அது உங்களிடம் கேட்காது. இன்னொன்று, ஓய்வுபெற்ற பிறகு பேரனின் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குறையை அலைபேசி தீர்க்காது.

ஆகவே என் தேர்வு சனிக்கிழமை வகுப்பு. அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். பணம் கட்டுமுன் ஒருநாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அதை மறுக்கிற வகுப்பு உங்களுக்கு வேண்டாம். ஆசிரியர் மற்றவர்களின் தாளில் கை வைக்கிறாரா, தனித்தாளில் வரைந்து காட்டுகிறாரா என்று கவனியுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் அழகான படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம், அவை ஆசிரியருடையவையாகக்கூட இருக்கலாம். ஆறு மாதமாக வருகிற ஒருவரிடம் அவருடைய நோட்டைக் காட்டச் சொல்லி, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். முதல் நாளில் வந்தவரும் ஓராண்டாக வருபவரும் ஒரே பொருளை வரைகிறார்களா, அவரவருக்கு ஏற்ற வேலை தரப்படுகிறதா என்று கேளுங்கள். நாற்காலியும் கழிப்பறையும் எப்படி இருக்கின்றன என்பதும் நம் வயதில் கலை சார்ந்த கேள்வியே.

அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் சேர முடியுமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பெயரே சொல்வதுபோல் அது 5 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கானது. பேரன் அடுத்த ஆண்டு சேரலாம்.

பொருள்களுக்கு இப்போது அதிகம் செலவிடத் தேவையில்லை. எச்பி, 2பி, 6பி பென்சில்கள் ஒவ்வொன்று, ஒரு பெரிய வரைநோட்டு, இவ்வளவு போதும். நீர்வண்ணத்துக்குப் போகும்போது 300 ஜிஎஸ்எம் என்று குறித்திருக்கும் கனமான தாள் வாங்குங்கள், மெல்லிய தாள் ஈரத்தில் நெளிந்துவிட்டால் தவறு தம்முடையது என்று நினைத்து மனம் தளருகிறவர்கள் பலர். உங்கள் வாசிப்புக் கண்ணாடி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூரத்துக்குத் தரப்பட்டதாக இருக்கும். கை நீட்டும் தூரத்தில் உள்ள வரைபலகை அதில் மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடிக் கடையில் அந்தத் தூரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

மறதி நோயும் வாட்ஸ்அப் செய்தியும்

உங்கள் தாயாரை ஐந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் நீங்கள் என்பதால் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஓவியம் கற்றால் மறதி நோய் வராது என்பதற்கு நிரூபணம் இல்லை. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 39 பெரியவர்கள் 45 நிமிடம் வரைவதும் களிமண்ணில் செய்வதுமாக இருந்தபின், அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் கார்டிசால் என்னும் மனஅழுத்தச் சுரப்பு குறைந்திருந்தது. முன்பின் பழக்கம் இல்லாதவர்களுக்கும் குறைந்தது என்பது உங்களுக்கு இனிப்பான செய்தி. ஆனால் அது சிறிய ஆய்வு, அளந்தது அந்த நேரத்து அழுத்தத்தை, மறதி நோயை அன்று. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்துதான் கை கால் முளைத்து வருகின்றன.

மறதி நோய்க்கான காரணிகளில் மாற்றக்கூடியவை என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேட்கும் திறன் குறைதல், சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாடு ஆகியவற்றோடு யாருடனும் பழகாமல் தனித்துப்போவதும் அதில் ஒன்று. சனிக்கிழமை வகுப்பு அந்தக் கடைசிக் காரணிக்கு ஓரளவு உதவலாம். இரத்த அழுத்த மாத்திரையை அது ஈடுசெய்யாது. நோயைத் தள்ளிவைக்கும் மருந்தாக எண்ணிக்கொண்டு வகுப்புக்குப் போனால் ஒரு வாரம் போக முடியாமல் போனாலும் பயம் பிடித்துக்கொள்ளும். பிடித்திருக்கிறது என்பதற்காகப் போங்கள்.

கட்டிய பணம்

‘நானாக நின்றுவிட்டேன், அதனால் கேட்க உரிமை இல்லை’ என்பது உங்கள் எண்ணம். ‘சட்டப்படி முழுப் பணத்தையும் வாங்கிவிடலாம்’ என்பது உங்கள் தோழியின் எண்ணம். இரண்டும் முழுச் சரியல்ல. மனம் மாறி நின்றிருந்தால் உங்கள் தரப்பு பலவீனம். ஆனால் பெரியவர்களுக்குத் தனி வகுப்பு என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு குழந்தைகளோடு உட்கார வைத்தது சொன்ன சேவையைத் தராதது ஆகும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைச் சேவைக் குறைபாடு என்கிறது. ‘திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று அச்சிட்டதாலேயே விவகாரம் முடிந்துவிடாது. பயிற்சி மையங்கள் தொடர்பான வழக்குகளில் இத்தகைய ஒருதலையான நிபந்தனையை நுகர்வோர் ஆணையங்கள் ஏற்க மறுத்ததுண்டு. கல்வி நிறுவனங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதில் வாதங்கள் இருந்தாலும், பயிற்சி மையங்களைக் கல்வி நிறுவனங்களாகக் கொள்ள முடியாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் கூறியிருக்கிறது.

தனி வகுப்பு உண்டு என்று சொன்னதற்கு ஆதாரம் வேண்டும். அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ விளம்பரத் துண்டோ இருந்தால் ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். முதல் மாதத்தைக் கழித்துக்கொண்டு மீதி 5,000 ரூபாயைத் தருமாறு, சண்டை தொனி இல்லாமல், சேர்ப்பித்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலான இடங்களில் பேச்சு இங்கேயே தொடங்கிவிடும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஆனால் 5,000 ரூபாய்க்காக மாதக்கணக்கில் வாய்தாவுக்குப் போய்வருவது உங்கள் மனத்துக்கு ஏற்றதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். கடிதம், 1915, அத்தோடு விட்டுவிடலாம் என்பது என் சொந்தக் கருத்து. இந்த விவகாரம் முடிந்தபின் புதிய வகுப்பில் சேர்வேன் என்று மட்டும் இருக்காதீர்கள்.

வீட்டில் சொல்வது

மகனிடம் ‘போகட்டுமா?’ என்று மூன்று முறை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறையும் அவர் ‘எதுக்கும்மா’ என்றிருக்கிறார். கேள்வியாகக் கேட்டால் பதில் வரத்தான் செய்யும். உங்கள் ஓய்வூதியத்திலிருந்து மாதம் 500 ரூபாய் செலவழிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அனுமதி கேட்பதற்குப் பதில் ஏற்பாட்டைப் பேசுங்கள்: “சனிக்கிழமை காலையில பத்துலேருந்து பன்னிரண்டு வரைக்கும் எனக்கு வகுப்பு இருக்கு, அந்த ரெண்டு மணி நேரம் பிள்ளையை நீங்க பாத்துக்கணும்.” மகனின் தயக்கத்தில் பாதி அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது, அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நீங்களே எடுத்துப் பேசிவிட்டால் இருவருக்கும் எளிது. பேரனைப் பார்த்துக்கொள்ளும் மற்ற நாள்களின் பொறுப்பை நீங்கள் கைவிடவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

மருமகளின் பேச்சைக் கேலி என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்த எனக்கு அப்படித் தெரியவில்லை. வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் யூடியூபைச் சொல்லியிருக்கலாம். அவரிடமே உதவி கேட்டு, அந்தப் பாடங்களில் நல்லது ஒன்றைத் தேடித் தரச் சொல்லுங்கள், வாரநாள் பயிற்சிக்குப் பயன்படும்.

படங்களை வீட்டில் காட்டுவதா வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி. முதல் இரண்டு மாதம் காட்ட வேண்டாம். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி மட்டும் எழுதி, ஒன்றையும் கிழிக்காமல் பீரோவில் அடுக்கி வையுங்கள். நான்கு வயதுப் பேரன் மட்டும் இதற்கு விலக்கு: அவனும் தரையில் உட்கார்ந்து பக்கத்திலேயே ஏதாவது கிறுக்கிக்கொண்டிருப்பான், உங்கள் டம்ளரைப் பார்த்து அது என்ன என்று கேட்டால் அவனையே சொல்லச் சொல்லுங்கள்.